வேண்டுதல் தாடி

சீடருக்கு வயது ஐம்பத்தாறு, குருவுக்கு முப்பத்தெட்டு. ரத்தத்தில் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் வித்தையைக் கற்க, தொண்டை மருத்துவர் சடகோபன் கௌரவம் பார்க்காமல் ரஹீமாவின் ஆய்வகத்தில் சேர்ந்திருந்தார்.

காரணம் இருந்தது. தூக்கத்தில் மூச்சு அடைத்துத் தவித்த லாரி ஓட்டுநர் ஒருவர், தூக்கப் பரிசோதனைக்குக் காத்திருந்த மாதங்களிலேயே ஸ்டீயரிங்கில் கண்ணயர்ந்து போய்ச் சேர்ந்தார். யாருக்கு அவசரம் என்று ஒரு துளி ரத்தம் சொல்லிவிடாதா? சொல்லும்வரை தாடி எடுப்பதில்லை என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டார். தாடி நெஞ்சைத் தொட்டுவிட்டது. ரத்தம் வாய் திறக்கவில்லை.

ஒரு காலையில் காகிதத்தோடு ஓடிவந்தார்.

"மேடம், அகப்பட்டுக்கிச்சு! நோயாளிங்க அத்தனை பேர்கிட்டயும் இந்தப் புரதம் உச்சத்துல நிக்குது. நல்லாத் தூங்கறவங்ககிட்ட பேருக்குக்கூட இல்ல."

"நோயாளிங்க ரத்தத்த யாரு பிரிச்சது?"

"நானேதான். என் ஜனங்க ஆச்சே, வேற கைல விடுவேனா?"

"மத்தவங்களோடத?"

"டெக்னீஷியன் கலாவதி."

ரஹீமா ஒரு வெற்றுக் குழாயை நீட்டினார். "இதையும் அதே மாதிரி செஞ்சு கொண்டாங்க."

"இதுல ரத்தமே இல்லியே மேடம்."

"தெரியும்."

மாலையில் திரும்பியவர் முகத்தில் ஈயாடவில்லை. வெற்றுக் குழாயிலும் அதே புரதம், அதே உயரம்.

"இந்தக் குழாயும் குறட்டை விடுதோ?" என்றார் ரஹீமா. "இது கெரட்டின், டாக்டர். முடியிலயும் தோல்லயும் இருக்கறது."

சடகோபனின் கை தானாகத் தாடிக்குப் போனது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வேண்டுதல், மேடம். காரியம் ஆகாம எப்படி எடுக்கறது?"

ரஹீமா அந்தக் குழாயைக் குப்பைக் கூடையில் போட்டார்.

சடகோபனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் மழித்த முகத்தோடு வந்தார். கலாவதிக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. புதிதாக நாற்பது பேரின் ரத்தம், பெயர்கள் மறைத்து, எல்லாம் அவர் கையாலேயே பிரித்தார். ஆர்ப்பாட்டமான உச்சம் எதுவும் இல்லை. முன்பு கெரட்டின் மறைத்திருந்த மூன்று சின்னப் புரதங்கள் மட்டும் சிலரிடம் சேர்ந்தே தலைதூக்கின. இவர்களுக்குத்தான் மூச்சு அடைக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

பெயர்களைத் திறந்தார்கள். நாற்பதில் முப்பத்தெட்டு சரி!

ஆய்வகமே கைதட்டியது. சடகோபன் குழந்தை மாதிரி அழுதார், சிரித்தார், பிறகு திடீரென்று திகைத்து நின்றார்.

"திருப்பதிக்குப் போகணும், மேடம். ஆனா காரியம் ஆகறதுக்கு முன்னாடியே தாடிய எடுத்துட்டேனே. சாமி என்ன நினைக்கும்?"

"காணிக்கைய அவரு முதல்லயே கேட்டிருக்காரு, டாக்டர்," என்றார் ரஹீமா. "உங்களுக்குத்தான் காது கேக்கல."