இடுப்பில் தொங்கிய கொம்பு

"அப்பா செஞ்ச குண்டு வேண்டாம்னு எப்படிடி சொல்றது? பையில போட்டுக்குவேன். சுடுறதுக்குச் சந்தைக் குண்டு மடியில இருக்கு."

ஒச்சான் காலிக் குடத்தோடு பாறைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான். அந்தப் பக்கம் அவன் மகள் சிலம்பாயியும் அவள் தோழியும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சந்தைக் குண்டு பொடிசா இருக்குமேடி. குறி தப்பாதா?"

"தப்பும். ஆனா அழுக்குப் பிடிச்ச துப்பாக்கிக் குழாயிலயும் இறங்கிடும். அப்பா குண்டு அடைச்சுக்குது."

"போன வேட்டையில பன்றி தானா ஓடிப்போச்சுன்னு சொன்னியே?"

"எங்க ஓடுச்சு? நாலாவது குண்டு பாதிக் குழாயில நின்னுடுச்சு. கோலால இடிச்சுப் பார்த்தேன், அசையல. பக்கத்துல ஒரு மரம் இருந்துச்சு. அதனால நான் இருக்கேன்."

தோழி சிரித்தாள். சிலம்பாயியும் சிரித்தாள்.

ஒச்சான் குடத்தை நிரப்பாமலே திரும்பிவிட்டான்.

*

அந்த மலைக்கோட்டையில் துப்பாக்கி தூக்கிய அத்தனை பேருக்கும் அங்கம்மாதான் ஆசான். வயதில் ஒச்சானுக்கு இளையவர். ஆனாலும் அவர் வாசலுக்கு வந்தால் ஒச்சானின் செருப்பு தானாகக் கழன்றுகொள்ளும்.

"ஆசானே, என் குண்டு ஏன் அடைக்குது?"

அங்கம்மா குழாய் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே விட்ட துணியை உருவி அவன் மடியில் போட்டார்.

துணி கரேலென்று இருந்தது. கொழுப்பு நாறியது. கரியின் நடுவே ஈயப் பிசிறுகள் மின்னின.

ஒச்சான் அதை முகர்ந்தான். பிறகு தானே பதிலையும் சொன்னான்.

"குண்டு மேல பூசுற கொழுப்பு சூட்டுல உருகுது. கரி வந்து ஒட்டுது. ஈயம் உரசி வழியுது. கொழுப்பே பூசலேன்னா இன்னும் மோசம். வேற என்னத்தைப் பூச?"

அங்கம்மா கையிலிருந்த சிவப்பு அரக்கு வளையலைக் கழற்றினார். வெயிலிலும் வியர்வையிலும் எத்தனையோ காலம் கிடந்த வளையல் அது. அதைக் குழாயின் மேல் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார்.

வளையல் வழுக்கிக்கொண்டு போனது. இரும்பில் ஒரு கோடு கூட விழவில்லை.

ஒச்சான் எழுந்து ஓடினான்.

"செருப்பு!" என்று கத்தினார் ஆசான்.

அவன் காதில் விழவில்லை.

*

அரக்கைச் சாராயத்தில் ஊறவைத்துக் கரைத்தான். ஈயக் குண்டுகளை அதில் போட்டு உருட்டினான். சூடான மணலில் புதைத்து வைத்தான். எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் மஞ்சாடி விதை மாதிரி சிவந்து பளபளத்தது.

மறுபடியும் உருட்டினான். மறுபடியும் மணலில் வாட்டினான். பளபளப்பு கூடக் கூட அவனுக்குக் கை நிற்கவில்லை.

ஆசானிடம் கொண்டு போனான்.

அவர் ஒரு குண்டை எடுத்துத் துப்பாக்கியின் வாயில் வைத்தார். அது அங்கேயே உட்கார்ந்துகொண்டது. உள்ளே போகவில்லை.

"அழகா இருக்கு. தொட்டில்ல கட்டு, பிள்ளை விளையாடட்டும்."

ஒச்சானுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அன்று சாயங்காலமே மறுபடியும் அடுப்பு மூட்டினான்.

அடுத்த முறை கொண்டுபோன குண்டு வெங்காயத் தோல் கனத்துக்குத்தான் சிவந்திருந்தது. குழாயில் விட்டதும் சரசரவென்று இறங்கியது.

"இறங்கிடுச்சு ஆசானே! பார்த்தீங்களா, இறங்கிடுச்சு!"

அங்கம்மா குழாயைக் கவிழ்த்துக் குண்டை வெளியே எடுத்தார். கல்லின் மேல் வைத்தார். சுத்தியலால் ஓங்கி ஓர் அடி.

ஈயம் தட்டையாயிற்று. அரக்கு வறுத்த கடலைத் தோல் மாதிரி உரிந்து பறந்தது.

"மருந்து வெடிக்கும்போது உள்ள விழுற அடி இதைவிடப் பெருசு" என்றார்.

*

பௌர்ணமிக்குப் பன்றி வேட்டை. தினை கதிர் பிடித்திருந்தது. இந்த முறையும் கணவாய் வாயில் சிலம்பாயிதான் நிற்கப்போகிறாள்.

ஒச்சான் புது அரக்கு வாங்கினான். பூசி, சுத்தியலால் அடி கொடுத்தான். உரிந்தது. இன்னும் கொஞ்சம் சூடு ஏற்றினான். உரிந்தது. மணலை மாற்றினான், சட்டியை மாற்றினான், குலதெய்வத்துக்குச் சேவல் நேர்ந்துகொண்டான். உரிந்தது.

"என்னப்பா, ராத்திரி பகலா மணலை வறுக்கிறே? பசிச்சா கேளு, கடலை வாங்கித் தாரேன்" என்றாள் சிலம்பாயி.

அவன் சிரிக்கவில்லை. அவளுடைய மடியைப் பார்த்தான். அங்கே முடிச்சு கனத்துத் தொங்கியது.

வேட்டைக்கு முந்தின நாள் காலை, சட்டி, அடுப்பு, அரக்குக் கிண்ணம் எல்லாவற்றையும் கூடையில் தூக்கிக்கொண்டு ஆசானின் வாசலில் போய் இறக்கினான்.

"அரக்குக்கு ஈயத்தைப் பிடிக்கல ஆசானே. அவ்வளவுதான். நீங்க காட்டின வழி சரியில்ல."

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

அங்கம்மாவுக்குக் கோபம் வரவில்லை.

"கொழுப்பை விட்டுட்டியா?"

"என்னைக்கோ விட்டாச்சு. வீட்டுல ஒரு பொட்டு கிடையாது. இருந்ததையெல்லாம் நாய்க்குப் போட்டேன். அது ரெண்டு நாளா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்குது."

"சரி, செய். நான் பார்க்கிறேன்."

ஒச்சான் அடுப்பு மூட்டினான். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றினான். அச்சைத் திறந்து, ஆறிய குண்டை எடுத்துப் பிசிறு தேய்த்துக் கிண்ணத்தில் போட்டான். அடுத்த குண்டு. அதற்கடுத்த குண்டு. இளம்பிள்ளையாக இருந்தபோதே பழகிய கை. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒவ்வொரு குண்டை எடுக்கும் முன்னும் அவன் கட்டைவிரல் இடுப்புப் பக்கம் போய் வந்தது. அங்கே கயிற்றில் ஒரு மாட்டுக்கொம்பு தொங்கியது. குண்டு செய்கிறவர்கள் கொழுப்பு வைத்துக்கொள்ளும் கொம்பு. இப்போது காலிக் கொம்பு. கட்டைவிரல் அதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தது.

ஒச்சானின் கண் அடுப்பில் இருந்தது.

அங்கம்மா எழுந்து போய் ஒரு வட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். அவன் முன்னால் வைத்தார். அவனுடைய வலது கையைப் பிடித்துத் தண்ணீரில் அழுத்தினார்.

"என்ன ஆசானே, சோறா போடப் போறீங்க?"

ஆசான் தண்ணீரைக் காட்டினார்.

தண்ணீரின் மேல் மெல்லியதாக ஒரு படலம் பரவியது. வெயில் பட்டதும் அதில் மயில் கழுத்து நிறம் ஓடியது.

ஒச்சான் தண்ணீரைப் பார்த்தான். கட்டைவிரலைப் பார்த்தான். மெதுவாகக் குனிந்து இடுப்பைப் பார்த்தான்.

அப்புறம் சிரிக்கத் தொடங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து சிரித்தான்.

கொம்பைக் கயிற்றோடு அறுத்து எறிந்தான். ஓடைக்கு ஓடினான். சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தோல் சிவக்கக் கையைத் தேய்த்தான். குண்டுகளையும் சாம்பல் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தான். அதன்பிறகு ஒரு குண்டையும் விரலால் தொடவில்லை. இடுக்கியால்தான் எடுத்தான்.

இந்த முறையும் செருப்பு ஆசானின் வாசலில்தான் கிடந்தது.

*

சாயங்காலம் பயிற்சிக் களத்தில் சிலம்பாயி துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தாள். ஒச்சான் மூச்சிரைக்க வந்து ஒரு துணியை விரித்தான். துணி நிறையச் சிவப்புக் குண்டுகள்.

அங்கம்மா சுத்தியலை எடுத்தார். அதை ஒச்சானிடம் கொடுக்கவில்லை. சிலம்பாயியிடம் நீட்டினார்.

"அடி."

அவள் அடித்தாள். குண்டு வட்டமாக, காசு மாதிரி தட்டையானது. சிவப்பு அப்படியே இருந்தது. நகத்தால் சுரண்டினாள். பேர்த்துவிடப் பார்த்தாள். இன்னொரு அடி அடித்தாள்.

சிவப்பு ஈயத்தோடு சேர்ந்தே நசுங்கியது.

"இது என்னப்பா இது!"

"சுட்டுப் பாரு தாயி" என்றான் ஒச்சான்.

அவள் மருந்து போட்டாள். குண்டை இறக்கினாள். எதிரே மண்மேட்டில் நட்டிருந்த பலகையைச் சுட்டாள். பலகை அதிர்ந்தது. இன்னொன்று. மறுபடியும் பலகை. மூன்றாவது.

நாலாவது குண்டைக் கையில் எடுத்தவள் நின்றுவிட்டாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் தாயி" என்றான் ஒச்சான். "நீ வேணும்னா மடியில இருக்கிறதையே..."

சிலம்பாயி குண்டைக் குழாயின் வாயில் விட்டாள்.

சரசரவென்ற சத்தம். அடி வரைக்கும்.

அவள் கோலைத் தொடவே இல்லை. குழாயில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு துப்பாக்கியைப் பாறையில் சாய்த்து வைத்துவிட்டு, மடியை அவிழ்த்துச் சந்தைக் குண்டுகளைக் கீழே கொட்டினாள். துணியில் கிடந்த சிவப்புக் குண்டுகளை இரண்டு கையாலும் அள்ளி அங்கே முடிந்துகொண்டாள்.