செங்கமலம் பல்லில் கடித்த நார்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் குழந்தைகளே. கொடியில் தொங்கும், அவரைக்காய் அல்ல. உடம்பெல்லாம் பொன்மயிர், பூனை அல்ல. அது நம்மைப் பிறாண்டாது. தொட்டால் நம்மை நாமே பிறாண்டிக்கொள்வோம். அது என்ன?

தெரியவில்லையா? செங்கமலத்துக்குத் தெரியும்.

கொன்றையூரை ஓர் அரசன் ஆண்ட காலத்தில், அரண்மனைக்குப் பூக்கட்டும் வீட்டில் அண்ணன் மனைவி செங்கமலம், தம்பி மனைவி குழலி என்று இருவர் இருந்தார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம். வசந்த விழாவில் அரண்மனைக் குழந்தையின் முன் மாலைகளை வைப்பார்கள். குழந்தை எதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறதோ, அதைக் கட்டியவளே அந்த ஆண்டு முழுவதும் அரசிக்குப் பூக்கட்டுவாள்.

குழலி மருமகளாக வரும்வரை அந்தப் பெருமை செங்கமலத்துடையதாக இருந்தது.

குழலியின் மல்லிகைச் சரத்தைக் கோயிலில் மெச்சினார்கள். செங்கமலத்துக்கு வயிறு எரிந்தது. சந்தையில் மெச்சினார்கள், இன்னும் எரிந்தது. மாமியாரே ஒருநாள், "சின்னவள் கைப்பட்டால் பூ வாடுவதே இல்லை" என்றாள். அன்று செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

விழா நாள் காலை. குழலி மாலையைக் கட்டி முடித்து, தாம்பாளத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். செங்கமலம் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலியிலிருந்து பூனைக்காலிக் காயைப் பறித்து வந்தாள். அதன் பொன்மயிரை அந்த மாலைமேல் சுரண்டி உதிர்த்தாள். காயைத் தூர எறிந்தாள். கையைக்கூடக் கழுவினாள். துணியை மட்டும் உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு தன் மாலையை முடிக்க உட்கார்ந்தாள். வழக்கம்போல ஈர வாழைநாரை இடுப்புத் துணியில் துடைத்தாள். வழக்கம்போல அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் உதடு அரித்தது. சொறிந்தாள். நெருப்பாய் எரிந்தது.

குளித்துவிட்டு வந்த குழலி சிரித்தாள். "என்ன அக்கா, உதடு அத்திப்பழமாகிவிட்டது? வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கூடிவிட்டதா?"

"உன் வேலையைப் பாரடி!"

அரண்மனையில் குட்டி இளவரசி இரண்டு தாம்பாளங்களையும் பார்த்தாள். பிஞ்சு விரல்கள் குழலியின் மாலையை நோக்கி நீண்டன.

செங்கமலத்தின் உதடு எரிந்தது. அந்தச் சின்னக் கழுத்தும் இப்படித்தான் எரியும்! அவள் அதுவரை குழலியை மட்டுமே நினைத்திருந்தாள். மாலையைப் போட்டுக்கொள்ளப் போவது யார் என்று நினைக்கவே இல்லை.

"தொடாதே, கண்ணு!"

பாய்ந்து போய்த் தாம்பாளத்தைத் தட்டிவிட்டாள். அரசன் எழுந்தான். செங்கமலம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

அரசன் சிதறிய மாலையைக் குச்சியால் அகற்றச் சொன்னான். பிறகு, "இரண்டு மாலையும் வேண்டாம். கையைக் கழுவி, வேறு பூ, வேறு நார் எடுத்து இங்கேயே கட்டுங்கள். குழந்தை தேர்ந்தெடுக்கட்டும்" என்றான்.

வீங்கிய உதட்டோடு செங்கமலத்தால் நாரைக் கடிக்க முடியவில்லை. குழலி தன் மாலையை முடித்தாள். செங்கமலத்தைக் கொஞ்சம் முறைத்தாள். பிறகு நகர்ந்து வந்து நாரின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"பிடித்திருக்கிறேன். கட்டுங்கள் அக்கா."

பிறருக்கென்று எடுக்கும் நஞ்சை முதலில் தொடுவது நம் கைதான், குழந்தைகளே.

இரண்டு மாலைகளும் தாம்பாளத்துக்கு வந்தன. குழந்தை குழலியின் மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.