நடுக்கடலில் ஒரு வீடு

ஒரு மழைக்காலத்தில், வேதாரண்யம் பக்கம் வெள்ளம் சூழ்ந்த ஒரு வீட்டிலிருந்து ஒரு இருப்பிடப் புள்ளி புறப்பட்டது. அந்த வீட்டில் தேன்மலர் பிரசவ வலியில் கிடந்தாள். அவளுடைய கைபேசி, வீடு இருக்குமிடத்தைப் புள்ளியிடம் சொல்லி அனுப்பிவிட்டு, சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது.

மீட்பு முகாமில் மெஹருன்னிசாவின் கணினித் திரையில் உலக வரைபடம் விரிந்திருந்தது. புள்ளி அதனிடம் தன் எண்களைச் சொன்னது: கிழக்கே 79.85 சொச்சம், வடக்கே 10.37 சொச்சம்.

வரைபடத்துக்குத் தெரிந்ததெல்லாம் மீட்டர்தான். பூமத்திய ரேகையும் கிரீன்விச் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து எண்பது மீட்டர் கிழக்கே, பத்து மீட்டர் வடக்கே புள்ளியைக் கொண்டுபோய் வைத்தது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், சுற்றிலும் கடல்.

படகோட்டி சூசை எட்டிப் பார்த்தார். "ஆப்பிரிக்காவுக்கா போவணும்? டீசல் பத்தாதே, தங்கச்சி."

புள்ளி தன் இடம் இதில்லை என்று கெஞ்சியது. சொன்ன எண்ணில்தானே வைத்தேன் என்று வரைபடம் முறைத்தது. இரண்டுமே பொய் சொல்லவில்லை. அங்கே தேன்மலருக்கு வலி கூடிக்கொண்டிருந்தது.

மெஹருன்னிசா நெற்றியில் தட்டிக்கொண்டாள். ஓர் அளவில் உள்ள எண்களை இன்னோர் அளவுக்கு மாற்றித்தரும் மாற்றியைக் கூப்பிட மறந்திருந்தாள். வரைபடத்தை இயக்கும் நிரலில் ஒரு வரி சேர்த்தாள். திரையில் முகமே காட்டாத மாற்றி வந்து, புள்ளியிடம் ஒன்றுதான் கேட்டது.

"உன் எண்கள் பாகையா, மீட்டரா?"

"பாகை, டிகிரி என்பார்களே, அதுதான். இதை யாருமே கேட்கவில்லை."

மாற்றி கணக்குப் போட்டது. கிழக்கே எண்பத்தெட்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்துச் சொச்சம், வடக்கே பதினோரு லட்சத்து அறுபதாயிரத்துச் சொச்சம் மீட்டர்.

இத்தனை பெரிய எண்களுக்குள் ஒரு சின்ன ஓட்டு வீடு தொலைந்துபோகாதா என்றது புள்ளி. தொலையாது, போய் நில் என்றது மாற்றி.

வரைபடம் அதை அந்த எண்ணில் வைத்தது. உப்பளத்துக்குத் தெற்கே, நாலு தென்னைகளுக்கு நடுவில், அதே ஓட்டு வீடு.

சூசையின் கைபேசிக்குப் பாகைதான் புரியும். மாற்றி எண்களைத் திருப்பிக் கொடுத்தது: 79.85 சொச்சம், 10.37 சொச்சம். கடைசி இலக்கம்கூடச் சிந்தவில்லை.

சாயங்காலம் சூசை தாயையும் பெண் குழந்தையையும் கரை சேர்த்தார். எல்லோரும் அவரைக் கும்பிட்டார்கள். வரைபடத்தைக்கூட ஒருவர் மெச்சினார். அந்த ஒரு வரியை யாரும் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் புள்ளியை அழிக்க வேண்டும். அழிவதற்கு முன் அது மாற்றியிடம் வந்து நின்றது.

"என் எண்ணை மாற்றினாய். என்னை மாற்றவில்லை."