கேட்டுக் குடித்த உண்ணி

அந்தக் காலத்தில் எருமைக்கு உடம்பெல்லாம் முடி. கரடியே பார்த்தால் வெட்கப்படும், அவ்வளவு அடர்த்தி. அந்த முடிக்குள்தான் உண்ணி குடியிருந்தது. அப்போது அதற்குக் குரல் இருந்தது. கொஞ்சம் மரியாதையும் இருந்தது. பசித்தால் எருமையின் காதுவரை ஏறி வந்து, "அக்கா, ஒரு வாய் குடிச்சுக்கட்டுமா?" என்று கேட்கும். "ம்" என்றால் குடிக்கும். "இன்னைக்கு வேணாம்" என்றால் பேசாமல் பட்டினி கிடக்கும். கேட்காமல் கடிக்கக் கூடாது என்பது இரண்டு குலத்தாரும் பேசி வைத்திருந்த வழக்கம்.

ஆற்றங்கரையில் சடைச்சி என்று ஓர் எருமை மேய்ந்து வந்தாள். வாய்க்குப் புல்லும் அசைபோட நிழலும் இருந்தால் போதும், பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்தக் கோடையில் அவளுக்குத் தலைச்சன் கன்று பிறந்தது. எழுந்து நிற்பதற்குள் நாலு தடவை விழுந்த கன்று. எருமைக் குலத்தில் முதல் மழை பெய்த பிறகுதான் கன்றுக்குப் பெயரிடுவார்கள். சடைச்சி ஒரு பெயரை மனசுக்குள் தயாராக வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் உச்சிவெயில். கன்றுக்குப் பால் கொடுத்த களைப்பில் கண்ணை மூடிக் கிடந்தாள். உண்ணி வந்து கேட்டது. "ம்" என்றாள். கொஞ்ச நேரத்தில் அதன் தம்பி வந்து கேட்டான். பிறகு தங்கச்சி, மச்சான், மச்சான் வீட்டுப் பிள்ளைகள். மறுபடியும் மூத்த உண்ணியே வந்து "அக்கா" என்றதும் சடைச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"நொய் நொய்னு உயிரை வாங்காத. வேணும்னா குடிச்சுக்கோ. இனிமே எங்கிட்ட கேட்காத."

உண்ணியால் நம்ப முடியவில்லை. "நெசமாவா? எப்பவுமே கேட்க வேணாமா?"

"வேணாம். என்னைத் தூங்க விடு."

"உன்னைச் சேர்ந்தவங்களுக்கும் சேர்த்துத்தானேக்கா சொல்ற?"

"ஆமா, ஆமா, போ."

பாவி, அந்த "ஆமா"வை அவள் அரைத்தூக்கத்தில் சொன்னாள்.

அதன்பின் காதருகே ஒரு சத்தமும் இல்லை. சடைச்சி நிம்மதியாகத் தூங்கினாள். கேட்கும் வேலை போனதும் உண்ணியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. அதன் எச்சிலில் ஒரு மரமரப்பு ஊறியது. கடித்தால் கடிபட்டவருக்கே தெரியாது.

கன்று இளைத்தது. பால் போதவில்லை என்று நினைத்துச் சடைச்சி தூரம் தூரமாகப் போய் மேய்ந்தாள். விடாமல் நக்கிக் கொடுத்தாள். அந்த முடிக்குள் நாக்குக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மழைக்கு இரண்டு நாள் முன்பு கன்று எழுந்திருக்கவில்லை. மூக்கால் அதன் காதைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே வேப்பங்கொட்டை பருமனில் உண்ணிகள்.

"பச்சைப் புள்ளடா! அதுக்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" என்று கதறினாள்.

மூத்த உண்ணி வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. அந்த வாய்க்கு இப்போது கடிக்க மட்டும்தான் தெரியும். கன்றின் உடம்பு குளிர்ந்ததும் உண்ணிகள் ஒவ்வொன்றாக இறங்கி அவள் பக்கமே வந்தன. அவற்றுக்கும் வேறு கதி இல்லை.

சடைச்சி வேலமரத்தில் உடம்பைத் தேய்த்தாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மழை வந்தது. கூப்பிட ஆளில்லாத அந்தப் பெயரை நனைந்தபடி ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு சேற்றில் இறங்கி மூக்கு மட்டும் தெரியப் படுத்துக்கொண்டாள்.

சண்டை அவளோடு முடியவில்லை. அவள் வம்சத்துக்குத் தோல் தடித்தது. உண்ணி வம்சத்துக்கு வாயில் முள் முளைத்தது. எருமை வாலை வீசப் பழகியது. உண்ணி வால் எட்டாத மடியிடுக்கைக் கண்டுபிடித்தது. எருமை ஒன்று செய்தால் உண்ணி ஒன்று செய்யும். இதுவரை யாரும் ஜெயிக்கவில்லை. விட்டுப் பிரியவும் முடியவில்லை.

அன்று முதல்தான் எருமை சேற்றில் கிடக்கிறது. உண்ணி கரையில் புல்நுனி ஏறி, முன்கால்களை நீட்டிக்கொண்டு பேசாமல் காத்திருக்கிறது. கரையேறும் எருமை காதை ஆட்டி ஆட்டி நிற்பதும் அன்று முதல்தான். யாராவது "அக்கா" என்று கேட்டால், இந்தத் தடவை "வேணாம்" என்று சொல்லிவிடலாமே என்று.