நல்லதா ஒரு வார்த்தை

உப்பளத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஞானசிகாமணி என்றொரு தலைமையாசிரியர் இருந்தார். அவர் குரல் கேட்டாலே மணியடிக்கும் ஆயா அம்சவல்லி ஓடி வந்து நிற்பாள்.

"குறைஞ்ச செலவுல குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு, அதுவும் நம்ம பள்ளிக்கூடம் மூலமா! எத்தனை கூட்டம் போட்டும் ஒரு ஈ காக்கா வரல. நாளைக்கு ஹால் நிறையணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல!" என்றார் அவளிடம்.

அந்த ஊரில் பள்ளிக்கூடம் கூப்பிட்டால் பிள்ளை மேல் புகார் என்று அர்த்தம். யார் வருவார்கள்? அம்சவல்லி சாயங்காலம் வாசலில் நின்று, பிள்ளைகள் காதில் ஏதோ சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் உப்பு படிந்த காலோடு ஊரே வந்துவிட்டது. காப்பீட்டு விவரம் கேட்டு எல்லாரும் பேர் கொடுத்தார்கள். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை.

"இன்னும் எதுக்கு உக்காந்திருக்காங்க?" என்று ஞானசிகாமணி ஆயாவிடம் கேட்டார்.

"அவங்கவங்க பிள்ளையைப் பத்திப் பெரிய சார் நல்லதா ஒரு வார்த்தை சொல்லுவார்னு பிள்ளைங்ககிட்ட சொல்லி அனுப்பினேன் சார்."

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"இன்னும் சொல்லல சார். அதான் காத்துக்கிட்டு இருக்காங்க."

முன்வரிசையில், தினமும் அவர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிடும் முத்துராசுவின் அம்மா வாயெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள். ஞானசிகாமணி அவள் முன்னால் போய் நின்றார்.

"உங்க பையன்... கைவேலையில கெட்டிக்காரன்மா," என்று ஆரம்பித்தார்.

கூட்டம் முடிய விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.