படிக்கட்டுல போட்ட உப்பு

ஒரு ஊர்ல ஒரு அவசரக்காரி இருந்தா. ம் சொல்லு ஆதிரை. நீ ம் சொல்லலேன்னா கதை அங்கேயே நிக்கும், நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன்.

"ம்."

அப்படி வா. அந்த அவசரக்காரிக்குப் பால் பொங்கற வரைக்கும் பொறுமை கிடையாது. யாராவது பேச ஆரம்பிச்சா முடிவை இவளே சொல்லிடுவா. அதுலயும் கான்வென்ட்ல படிச்சவ. "தேங்க்யூ சிஸ்டர், ஸாரி சிஸ்டர்"னு பன்னெண்டு வருஷம் காலையும் சாயங்காலமும் சொல்லிச் சொல்லி, அந்த ரெண்டு வார்த்தையும் அவகிட்ட தீர்ந்தே போச்சு. அதுக்கப்புறம் கட்டின புருஷனுக்குக்கூட சொன்னதில்ல. அந்தப் புருஷன் பேரு நிதானம்னு வச்சுக்கோ.

"பெரியம்மா, அது நீங்களும் பெரியப்பாவும்தானே?"

கதை கேக்கறியா, போலீஸ் விசாரணை நடத்தறியா? கண்ணை மூடு.

அப்புறம், அவங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு, அவங்க மக, அம்மா அப்பா ரெண்டு பேரையும் ஒரு காட்டு விடுதிக்கு அனுப்பி வச்சா. நாம இப்போ படுத்திருக்கோமே, இதே மாதிரி. இதேன்னுகூட வச்சுக்கோ. மலை மேல, மழைக்காட்டுக்கு நடுவுல, தூண் மேல நிக்கிற மரவீடு. கட்டில்ல படுத்தா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரம், மரத்துக்குப் பின்னால மரம். டி.வி. கிடையாது, ஏ.சி. கிடையாது, பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு போனா வாசல்லயே வாங்கி வச்சுடுவாங்க. குளிக்கற இடத்துல பாதிதான் கூரை, மீதி பாதி வானம். "இவ்வளவு பெரிய விடுதி கட்டினவனுக்கு முழுசா ஒரு கூரை போடத் தெரியலையா?"ன்னா அவசரக்காரி. "அதுதாம்மா இங்க விசேஷம்"னாரு நிதானம். "நனையறதுல என்ன விசேஷம்?"னா அவ.

மழைன்னா மழை, சோஓஓன்னு எந்நேரமும் மழை. அது நின்னா இலையில இருந்து சொட், சொட், சொட். தவளை ஒண்ணு டொக், டொக், டொக். இப்போ கேக்குதா உனக்கு?

"ம். கேக்குது."

அதே தவளையோட பேரன்தான்.

அப்போ வாசல்ல வெள்ளச்சியம்மான்னு ஒருத்தங்க நின்னாங்க. அந்தக் காட்டுலயே பொறந்து வளந்தவங்க. தினமும் விடியற நேரத்துல பச்சைக் கோட்டைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலா வந்து, யானை எதும் நிக்குதான்னு பாக்கறதுதான் அவங்க வேலை. அவங்க வந்து தலையாட்டின பிறகுதான் யாரும் வெளிய காலெடுத்து வைக்கலாம். அந்த ஒரு வேலையை வச்சுத்தான் மகளைக் கோயமுத்தூர்ல நர்சிங் படிக்க வச்சாங்க.

வெள்ளச்சியம்மா முழங்கால் வரைக்கும் வர்ற துணி உறை ரெண்டு ஜோடி குடுத்தாங்க. "கால்ல மாட்டிக்குங்கம்மா, அட்டைப்பூச்சி ஏறாது. அப்படியே ஏறினாலும் என்னைக் கூப்பிடுங்க, எடுத்து விடறேன்"னாங்க. கையில ஒரு காகிதமும் குடுத்தாங்க. அதுல மூணே மூணு வரி.

அவசரக்காரி முதல் வரியைப் படிச்சா: வாழைப்பழம் வெளிய வைக்காதீங்க. "சரி சரி, எனக்கு எல்லாம் தெரியும், நீ போ"ன்னு சொல்லிட்டு, காகிதத்தை மேசையில போட்டு, அது மேல காபி டம்ளரை டொக்குன்னு வச்சா.

"அந்தத் தவளையா?"

டம்ளர்டீ. தூக்கக் கலக்கத்துல இருக்கே.

அவளுக்கு அட்டைன்னா அப்படி ஒரு பயம். பயந்தவங்கதானே நிறைய மூட்டை கட்டுவாங்க? ஊர்ல இருந்தே ஒரு பை நிறைய கல்லுப்பு கொண்டு வந்திருந்தா. உப்புப் பட்டா அட்டை சுருண்டு விழுந்துடும்னு யாரோ சொல்லியிருந்தாங்க. வெள்ளச்சியம்மா தலை மறைஞ்சதுதான் தாமதம், சர்ர்ர்ருன்னு பையைப் பிரிச்சு, படிக்கட்டைச் சுத்தி வெள்ளை வெள்ளையா ஒரு கோலம் போட்டா பாரு, புள்ளி வைக்காத கோலம். "இனிமே எந்த அட்டை வருதுன்னு பாக்கறேன்"னு கையைத் தட்டிக்கிட்டு உள்ள போயிட்டா.

அப்புறம் மழை பேஞ்சுது. உப்பு கரைஞ்சு மண்ணுக்குள்ள போயிடுச்சு. மேல பாத்தா ஒண்ணுமே தெரியல.

விடிஞ்சு பாத்தா, படிக்கட்டோட மரக்கைப்பிடி ரெண்டா முறிஞ்சு கிடக்கு. கீழ மண்ணுல அண்டா அண்டாவா கால் தடம். மேனேஜர் ஓடி வந்தான். சின்ன வயசு, பெரிய தோரணை. இடுப்புல வயர்லெஸ் க்ர்ர்ச்ச்னு கத்திக்கிட்டே இருக்கும்.

"ஏம்மா வெள்ளச்சி, பலாப்பழம் எதும் தூக்கிட்டு இந்த வழியாப் போனியா? அந்த வாசனைக்குத்தானே யானை வந்திருக்கு?"

"நான் கொண்டாரலைங்க."

"பின்ன அது என்ன, என்னைப் பாக்கவா வந்துச்சு?"

அவசரக்காரியும் பலாப்பழம்தான்னு நெனச்சா. உள்ள போயி, காபி குடிக்கலாம்னு டம்ளரைத் தூக்கினா. அடியில காகிதம். அதுல வட்டமா காபிக் கறை. அந்த வட்டத்துக்கு நடுவுல மூணாவது வரி: அட்டைக்கு உப்பு போடாதீங்க, உப்புக்கு யானை வரும்.

"அய்யோ!"

ம், அதேதான். அவளும் அய்யோன்னா. ஆனா மனசுக்குள்ள. காபியோட சேத்து அதையும் முழுங்கிட்டா.

நிதானம் கேட்டாரு, "அந்த உப்புப் பை எங்கே, காலியா இருக்கு?"

"எலி தின்னுருக்கும்."

"ஒரு கிலோ உப்பையா? போய்ச் சொல்லிடேன்."

"நீங்க சும்மா இருங்க."

அப்புறம் அவ என்ன செஞ்சா தெரியுமா? யாருக்கும் தெரியாம உப்பைக் கழுவி விட்டுடலாம்னு, குளிக்கற இடத்துல இருந்து வாளி வாளியா தண்ணி தூக்கிட்டு வந்து சளார், சளார்னு ஊத்தினா. உப்பு போச்சா? போச்சு. இங்க இருந்து அங்க வரைக்கும் போச்சு. வாசல்ல இருந்தது முற்றம் பூரா பரவிடுச்சு.

"ம்... அப்புறம் யானை..."

அவசரப்படாதே. என் வேலையை நீ செய்யாதே.

ரெண்டாவது நாள் விடியுது. முற்றம் பூரா காலால உதைச்சுக் கிளறிப் போட்டிருக்கு. தண்ணிக் குழாய் உடைஞ்சு புஸ்ஸ்ஸ்னு பீச்சி அடிக்குது. மேனேஜர் மூக்கு சிவந்துடுச்சு. "ஏம்மா வெள்ளச்சி, இன்னொரு தடவை இது நடந்தா, கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு. எனக்கு கெஸ்ட்டோட உயிர்தான் முக்கியம்"னான். வெள்ளச்சியம்மா உடைஞ்ச குழாய் மேல துணியைச் சுத்திக்கிட்டே இருந்தாங்க.

நம்ம அவசரக்காரி கண்ணாடிக்குப் பின்னால நின்னு பாத்தா. கதவு வரைக்கும் வந்தா. தாழ்ப்பாள்ல கை வச்சா. அப்புறம், "இட்லி ஆறிப்போகுது"ன்னு திரும்பிட்டா. ஊர்ல எல்லாரையும் வாய் கிழியக் கேக்கறவளுக்கு, "நான்தான்"னு சொல்ல நாக்கு எழும்பல பாரு.

"பாவம்."

யாரு பாவம்?

"வெள்ளச்சியம்மா."

ம். சரியாச் சொன்னே.

மூணாவது நாள். அன்னைக்குக் கிளம்பணும். விடியக்காலை ஆறு மணி. காபிக்கூடை ஆறரைக்குத்தான் வரும், வெள்ளச்சியம்மாவும் இன்னும் வந்து தலையாட்டல. இவளுக்குப் பொறுக்குமா? சாப்பாட்டுக்கூடத்துக்கு நானே போய்க் குடிச்சுக்கறேன்னு கதவைத் திறந்து, தட், தட், தட்னு மூணு படி இறங்கிட்டா.

நாலாவது படியில யானை.

படிக்கட்டுக்குக் கீழ இருக்கற மண்ணைத் தும்பிக்கையால தடவித் தடவி வாய்க்குள்ள வச்சுக்குது. ஸ்ர்ர்ப், ஸ்ர்ர்ப். காலுக்கு இடையில ஒரு குட்டி, அதுவும் ஸ்ர்ர்ப். தாய் யானை தலையைத் தூக்குச்சு. காது ஃபட்டுன்னு விரிஞ்சுது. வயித்துல இருந்து குர்ர்ர்ர்னு ஒரு சத்தம். படிக்கட்டுப் பலகை அதிருது.

அப்போ பக்கவாட்டுல இருந்து மெதுவா ஒரு குரல். "அம்மா, கத்தாதீங்க. ஓடாதீங்க. அப்படியே நில்லுங்க."

வெள்ளச்சியம்மா. கையில கம்புகூட இல்ல. யானைக்கும் இவளுக்கும் நடுவுல கொஞ்சம் தள்ளி வந்து நின்னாங்க. இவ வாழ்க்கையிலேயே முதல் தடவையா, சொன்ன பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கிட்டு நின்னா. 

வெள்ளச்சியம்மா யானைகிட்ட பேசினாங்க. அவங்க ஆளுங்க காட்டுல யானையைப் பாத்தா அப்படித்தான், வீட்டுப் பெரியவங்ககிட்ட பேசற மாதிரி பேசுவாங்க. "தாயி, இவங்க ஊருக்குப் புதுசு. தெரியாம வந்துட்டாங்க. உன் புள்ளையக் கூட்டிக்கிட்டு நீ போ தாயி. நாங்க வழி விடறோம்"னாங்க.

யானை பாத்துச்சு. பாத்துச்சு. பாத்துக்கிட்டே இருந்துச்சு.

"ம்?"

அப்புறம் ஃபுஸ்ஸ்னு ஒரு மூச்சு விட்டுட்டு, குட்டியை ஒரு தள்ளு தள்ளி, மடக், மடக்னு மூங்கிலை மிதிச்சுக்கிட்டு போயிடுச்சு.

இவ அப்படியே படியில உக்காந்துட்டா. வெள்ளச்சியம்மா கீழ குனிஞ்சு, யானை நக்கின இடத்துல ஒரு துளி மண்ணை எடுத்து நாக்குல வச்சாங்க. கரிச்சுது. நிமிந்து இவளைப் பாத்தாங்க. அவங்களுக்குப் புரிஞ்சு போச்சு.

அதுக்குள்ள க்ர்ர்ச்ச்னு மேனேஜர் வந்துட்டான். "மூணு தடவை ஆச்சு! கெஸ்ட்டைக் கொல்லப் பாத்தியே! கழட்டு கோட்டை!"

வெள்ளச்சியம்மா அப்பவும் வாயைத் திறக்கல. மேல் பட்டனைக் கழட்டினாங்க. ரெண்டாவது பட்டனைக் கழட்டினாங்க. மூணாவது பட்டன்ல கை வைக்கும்போது, படியில இருந்து ஒரு குரல்.

"நான்தான் உப்பு போட்டேன்."

"என்ன மேடம்?"

"காது கேக்கலையா? ஒரு கிலோ கல்லுப்பு, இந்தக் கையாலதான் போட்டேன். அவங்க குடுத்த காகிதத்தை நான் படிக்கல. படிச்ச பிறகும் சொல்லல."

மேனேஜர் முழிச்சான். கெஸ்ட்டைத் திட்ட முடியாதே. "பரவாயில்ல மேடம்"னு இழுத்தான்.

"எனக்கு எதுக்கு பரவாயில்ல? மூணு நாளா அவங்களைத்தானே வாய்க்கு வந்தபடி பேசினீங்க? அவங்ககிட்ட மன்னிப்புக் கேளுங்க. நீங்க முடிச்சதும் நான் கேக்கறேன். எனக்குக் கொஞ்சம் நேரமாகும், பழக்கம் விட்டுப்போச்சு."

அவனும் கேட்டான். இவளும் கேட்டா. "ஸாரி"ன்னு முழுசாச் சொல்றதுக்குள்ள இவ மூணு தடவை ஆரம்பிச்சா. அப்புறம் இறங்கி வந்து, வெள்ளச்சியம்மா கோட்டுப் பட்டனை இவளே மாட்டி விட்டா. ஒண்ணு, ரெண்டு.

"வேலை போகலையா?"

போகல. ஆனா இவ பஸ்ஸு போயிடுச்சு. உப்பு மண்ணு அங்கேயே கிடந்தா நாளைக்கு வேற யாரோ அந்தப் படியில இறங்குவாங்களே? அதனால வெள்ளச்சியம்மாவும் இவளும் மண்வெட்டியை எடுத்து சரக், சரக்னு வெட்டி, கூடை கூடையாத் தூக்கிட்டுப் போய், ஓடைக்கு அந்தப் பக்கம் ஆள் போகாத இடத்துல கொட்டினாங்க. நிதானமும் தூக்கினாரு, நிதானமா. மழையில, சேத்துல, மத்தியானம் வரைக்கும்.

அப்போதான் அவ அந்தக் காட்டையே பாத்தா. அதுவரைக்கும் அட்டை இருக்கான்னு தரையைத்தானே பாத்துக்கிட்டு இருந்தா? தலைக்கு மேல இருவாட்சிப் பறவை ஒண்ணு ஹூஷ், ஹூஷ்னு ரயில் மாதிரி பறந்து போச்சு. கூடையை எறக்கி வச்சுட்டு, வாயைப் பிளந்து பாத்துக்கிட்டே நின்னா. ஒரு அவசரமும் இல்லாம.

கால்ல பதினோரு அட்டை. துணி உறையை மாட்ட மறந்துட்டா. கல்லு மேல உக்கார வச்சு, வெள்ளச்சியம்மா நகத்தால ஒவ்வொண்ணா ஒதுக்கி எடுத்து விட்டாங்க. வலிக்கவே இல்ல.

"உங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே, ஏன் நீங்க சொல்லல?"ன்னு கேட்டா. அதுவரைக்கும் நீ, வா, போன்னு பேசினவ.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்மா"ன்னாங்க வெள்ளச்சியம்மா. "மூணாவது பட்டன்லதான் எனக்கே கொஞ்சம் பயமாப் போச்சு."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க பாரு, தவளையெல்லாம் வாயை மூடிக்கிச்சு. அப்புறம் அவசரக்காரி மெதுவா சொன்னா, "தேங்க்யூ". யானைகிட்ட பேசினதுக்கு ஒண்ணு, அட்டை எடுத்ததுக்கு ஒண்ணு, காத்துக்கிட்டு இருந்ததுக்கு ஒண்ணு. தீரலடீ. பன்னெண்டு வருஷம் சொன்ன பிறகும் நிறைய மிச்சம் இருந்துச்சு.

ஆதிரை? தூங்கிட்டியா?

"...ம்ஹும். நாளைக்கு நம்ம வாசலுக்கும் வெள்ளச்சியம்மாவா வருவாங்க?"

அவங்கதான். வேற யாரு வருவா?

"பெரியம்மா... தலகாணி எனக்குக் குத்துது."

ஏன் குத்துது?

"அடியில ஒண்ணு இருக்கு. சாப்பிடற இடத்துல மேசையில இருந்துச்சு. அட்டை வரும்னு... இந்தாங்க."

அடடே. உப்பு டப்பாவா? மூடி இறுக்கமாத்தான் இருக்கு. கொட்டலையே?

"கொட்டல. நாளைக்குப் போடலாம்னு இருந்தேன். நானே அவங்ககிட்ட குடுத்துடட்டா?"

நீயே குடு. உன் கால் உறையை நான் காலையில மாட்டி விடறேன். வா, இப்படி என் பக்கமா திரும்பிப் படு.

யானை ஓடைக்கு அந்தப் பக்கம், உப்பு என் கைக்குள்ள, மழை கூரைக்கு மேல. கதை படி ஏறி உள்ள வந்தாச்சு, தாழ்ப்பாள் போட்டாச்சு. தூங்குடீ தங்கம். தேங்க்யூ.