மூணாவது புகைபோக்கிக்கு இரண்டு கை

“சாமி, நாளைக்குக் கூட்டத்துல நான் கை தூக்கவா, வேண்டாமா?”

இதைக் கேட்டு முடிக்கவே கோதண்டத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது. அனல்மின் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் சாம்பல் அள்ளியவர். உப்பளத்து ஓரம் குடியிருக்கும் சாமியாருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதனாலென்ன, அவருக்குப் பதில் சொல்ல வேறு நாதி ஏது?

குப்பத்தை ஒட்டி ஏற்கெனவே இரண்டு புகைபோக்கி. மூன்றாவதைக் கட்ட மக்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம், சம்மதம் என்றால் கை தூக்க வேண்டுமாம். கேட்டுக் கிழித்தார்கள்.

“தூக்கினா என்ன ஆகும், பெரியவரே?”

“இருக்கிற கொஞ்ச மூச்சும் போயிடும், சாமி.”

“தூக்கலைன்னா?”

“மகன் தணிகைக்குக் கூலி இல்ல. புகை வருதான்னு பார்த்துட்டுத்தானே எங்க குப்பத்துல உலை வைக்கிறோம்? வந்தா கேட்ல ஆள் எடுப்பான், சோறு. வரலைன்னா கஞ்சி.”

“அவ்வளவுதானா?”

“வீட்டுல எனக்கு மூச்சு குடுக்கிற மிஷின் இருக்கே. அதுவும் கரண்ட்லதான் ஓடுது.”

சாமி சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமா இது?

“ஆபீசர் என்ன சொல்றார்?”

“நாடு வளரணுமாம். வளர்ந்து வசதி வந்துட்டா, புகை தன்னால குறைஞ்சிடுமாம்.”

“எத்தனை வருஷத்துல?”

“இருபதோ முப்பதோன்னார்.”

“டாக்டர் உங்களுக்கு எத்தனை சொன்னார்?”

“ரெண்டு.”

சாமி தன் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டார்.

கோதண்டம் பார்த்துக்கொண்டே இருந்தார். சாமியின் முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. கோதண்டம் பதறிப்போய் எட்டி அந்தக் கையைப் பிடித்து இழுத்தார்.

“செத்துடுவீங்க, சாமி.”

“இருபது வருஷம் பொறுத்துப் பார்க்கலாம்னு நினைச்சேன்,” என்றார் சாமி, இருமிக்கொண்டே. “நீங்கதான் விடல.”

கோதண்டம் வீட்டுக்குப் போனார். நாளைக்குக் கை தூக்குவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் பந்தலில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் ஏர்கூலர் ஓடியது. ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் தயாராக இருந்தது.

“புகைபோக்கிக்குச் சம்மதம்னு சொல்றவங்க கை தூக்குங்க,” என்றார் ஆபீசர்.

முதலில் எழுந்தது தணிகையின் கை.

கோதண்டம் திரும்பிப் பார்த்தார். நேற்றுச் சாமியின் கழுத்தில் புடைத்த நரம்பு இன்று மகன் கழுத்தில் தெரிந்தது. வேண்டாம்டா என்று சொல்லப் பார்த்தார். மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை. மகன் நல்ல உயரம். அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுக்க, உட்கார்ந்த இடத்திலிருந்து தன் கையை முழுசாக மேலே நீட்டினார்.

“அந்த வரிசையில ரெண்டு கை,” என்றார் ஆபீசர். “எழுதிக்கோங்க.”